தலையில் அடிபட்டதா?

மச்சான்,

இன்று காலை உன் பெட்டியை ஒதுக்கிக்கொண்டிருந்த உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, ஒரு தாளை நீட்டினாள். "தமிழ்ல இருக்கு, இந்தி படிச்ச எனக்கு எங்க படிக்கத் தெரியுது? என்னன்னு பாருண்ணே." ஆஸ்பத்திரியில் நடந்த மருந்துச் சோதனைக்கு அவள் கையெழுத்துப் போட்ட சம்மதத் தாளின் நகல். "ஒண்ணுமில்ல" என்று பையில் திணித்துக்கொண்டேன். அவளிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது.

முதல் பொய்க்கு முந்தின நாள், தாராவியில் நாம் தோல்பை தைக்கும் கார்கானாவில், பிரஷர் மாத்திரையை அட்டையோடு சாக்கடையில் வீசினாய். "ஏல, என் உசுரு. நீ யாருல கேக்க?" என்றாய். என் கோபம் உனக்குத் தெரியாததா? கன்னத்தில் அறைந்தேன். நீ சட்டையைப் பிடித்தாய். நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். பிரஸ் மிஷினின் இரும்பு முனையில் உன் பின்மண்டை மோதிய சத்தம் பக்கத்துக் கடைக்குக் கேட்டது. ரத்தம் வரவில்லை. "இதெல்லாம் ஒரு அடியால?" என்று சிரித்தாய். எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தாய்.

மறுநாள் காலை வேலைக்கு நடுவே சரிந்தாய். வாய் கோணி, வலது கை தொங்கி, பேச்சே இல்லை. டாக்டரம்மா இந்தியில் மடமடவென்று சொன்னார். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தக் கட்டி. அதைக் கரைக்க வழக்கமான ஊசி ஒன்று, புது ஊசி ஒன்று. எது மேல் என்று சோதித்துப் பார்க்கிறார்கள். சம்மதித்தால் இரண்டில் ஒன்றை உடனே போடுவார்கள். கடைசியாகக் கேட்டார்: சமீபத்தில் தலையில் அடிபட்டதா? பட்டிருந்தால் ஊசியால் மூளையில் ரத்தம் கசியும், அதனால் எந்த ஊசியும் கிடையாது.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். "நீதான கூட இருந்த? சொல்லுண்ணே."

"இல்ல" என்றேன்.

ஊசி கிடைக்காமல் போய்விடுமே என்று பயந்தேன். அது பாதி. மீதி, அவள் முகத்துக்குப் பயந்தேன்.

உனக்குக் காது கேட்டது, மச்சான். இடது கையைத் தூக்கிப் பின்மண்டையைத் தொடப் போனாய். அந்தக் கையைப் பிடித்துக் கட்டிலோடு அழுத்தினேன். திமிறினாய். நகத்தால் என் மணிக்கட்டைக் கிழித்தாய். நான் விடவில்லை. "பயப்படாதல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். டாக்டரம்மா நான் உன்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டார்.

தங்கச்சி கையெழுத்துப் போட்டாள், ஊசி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் மூளையில் ரத்தம் கசிந்தது. வாந்தி, வலிப்பு. கட்டில் அதிர நீ உதறியதை நான்கு பேர் பிடித்தும் அடக்க முடியவில்லை. அன்றைக்கே போய்விட்டாய். அடிபடாதவர்களுக்கும் சில நேரம் இப்படி ஆகும் என்றார் டாக்டரம்மா. சோதனையில் உன் சாவை மருந்தின் மேல்தான் எழுதியிருப்பார்கள். என் கையை யாரும் எழுதவில்லை.

உன் நகம் கிழித்த இடம் வெள்ளைக் கோடாக இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. தங்கச்சி அடுப்படியில் இருக்கிறாள். இதை எழுதி முடித்ததும் அந்தத் தாளை அவளுக்கு முழுக்கப் படித்துக் காட்டப்போகிறேன், தலையில் அடிபட்டவர்களுக்குக் கூடாது என்ற வரியையும் சேர்த்து. பிறகு பிரஸ் மிஷினைச் சொல்வேன். கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள். அவளும் என் கூடப் பிறந்தவள்தானே. இந்த முறை நான் யார் கையையும் பிடிக்கமாட்டேன்.