கிளமெண்ட் கேட்ட ஸ்டோரிலைன்

பரவை,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ஆன்சிக்கு அப்பா எழுதுவது. அம்மாவுக்கு மூட்டுவலி, எனக்குச் சளி, மற்றபடி இருவரும் சுகம். டப்ளினில் நீ இந்த இரண்டும் இல்லாமல் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். தபாலில் போனால் மூன்று வாரமாகும், அதனால் அம்மா இதைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்புவாள்.

எரிச்சலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். நம் கோயில் திருவிழாவுக்கு நாடகம் கேட்டான் இளைஞர் குழுத் தலைவன் கிளமெண்ட், என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் ஆங்கிலம் படித்தவன். ஆறு காட்சி எழுதி, எண் போட்டு, நூலால் கட்டிக் கொடுத்தேன். புரட்டிக்கூடப் பார்க்காமல், "சார், ஒரு பக்கத்துல ஸ்டோரிலைன் குடுங்க" என்றான். இப்போது எல்லார் வாயிலும் அந்தச் சொல்தான், ஆளுக்கொரு பொருளில். அவன் கூட்டாளி ஒருவனுக்கு லைட்டும் பாட்டும்தான் ஸ்டோரிலைன். உன் அம்மா வேறு, "மூணு வாரமா மருமக மாடிப்படியிலயே நிக்கிறா, சீரியல்ல ஸ்டோரிலைனே நகரல" என்கிறாள். முப்பத்துநாலு வருடம் ஆங்கிலம் நடத்திய எனக்கே சந்தேகம் வந்து அகராதியைத் திறந்தேன். என்னென்ன நடக்கிறது என்ற வெறும் பட்டியல் அல்ல அது, ஒன்று நடந்ததால் அடுத்தது நடக்கிற தொடர் என்றுதான் எனக்கு விளங்கியது. அந்த விளக்கத்தையும் இரண்டு உதாரணங்களோடு அரைப்பக்கம் எழுதிக் கதைச்சுருக்கத்தின் மேலே வைத்துக் கொடுத்தேன். "சார், இன்னும் கிளாஸ் எடுக்கிறீங்களே" என்று சிரிக்கிறான்.

அதோடு விட்டானா? கதையில் மகள் வெளிநாடு போகிறாள், அப்பா வழியனுப்பப் போகவில்லை, ஆறாம் காட்சியில் அவள் திரும்பி வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். "எதுக்கு சார் வாரா? ரெண்டு வருசமா அந்தாளு ஒரு போன் பண்ணல. ஒண்ணுனாலதான் இன்னொண்ணுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, நடுவுல ஒண்ணையும் காணோமே" என்றான். ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தித் தராவிட்டால் நாடகத்துக்கு ஒதுக்கிய நேரத்தை டான்ஸுக்குக் கொடுத்துவிடுவானாம். இம்புட்டுத் திமிரா என்று கொதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். உட்கார்ந்து யோசித்தால், அவன் கேட்டது நியாயம்தான்.

நீ கூப்பிடும்போதெல்லாம் போனை அம்மாவிடம் நீட்டிவிடுகிறேன். அன்று விமான நிலையத்துக்கு நான் வராதது கோபத்தால் அல்ல, ஆன்சி. அத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அப்புறம் பேச வெட்கம்.

ஐந்தாம் காட்சியை மாற்றிவிட்டேன். அப்பாதான் முதலில் போன் செய்கிறார். என்ன பேசுவார் என்று மட்டும் இன்னும் எழுத வரவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் கூடவே இருப்பார். சனிக்கிழமை உன் கடிகாரத்தில் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன், நேர வித்தியாசத்தை இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அம்மா என்று நினைத்து எடுக்காதே, அப்பா என்று தெரிந்தே எடு.

உன் அப்பா,
அ. இன்பசேகரன்