தூசுக்கு வெல்லம்

12-3-87, வியாழன்
எழுந்ததும் முதல் வேலை, இவர் காபிக்கு வெல்லம் தட்டினேன். வெளியே பனி.

இவர் வேலை பார்க்கும் அம்பத்தூர் பவுண்டரியில் மணலைப் பீய்ச்சி வார்ப்படம் சுத்தம் செய்பவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் கம்பெனி வெல்லம் கொடுக்கும். தூசியை இழுத்துக்கொண்டு போய்விடுமாம். பதினாறு வருஷமாக இந்த வீட்டுப் பாயசம், பொங்கல், கொழுக்கட்டை எல்லாம் அதில்தான். விலங்கியல் படித்தவள் நான். சோறு போகும் குழாய் வேறு, மூச்சு போகும் குழாய் வேறு என்று ஒருநாள்கூட இவரிடம் சொல்லவில்லை. வெல்லம் வருகிறதே என்றிருந்தேன்.

பள்ளியில் பத்தாம் வகுப்பு பி பிரிவுக்கு நுரையீரல் பாடம். திராட்சைக் கொத்து மாதிரி காற்றறைகள் வரைந்தேன். சுவர் ஒரே ஒரு செல் கனம். அந்தப் பக்கம் ரத்தம். பிராணவாயு உள்ளே, கரியமில வாயு வெளியே. யாரும் தள்ள வேண்டாம், அதிகமுள்ள இடத்திலிருந்து தானே போகும்.
கடைசி பெஞ்சு சுமதி: "சொவுரு தடிச்சிட்டா இன்னா மிஸ் ஆவும்?"
"அது பாடத்தில் இல்லை. உட்கார்."

13-3, வெள்ளி
இவர் எக்ஸ்ரே வந்தது. இரண்டு பக்கமும் மணல் தூவினாற்போல வெள்ளைப் புள்ளி. சுமதி கேட்டதற்கு இதுதான் பதில்.
பெரியாஸ்பத்திரி டாக்டர்: "பீடி உண்டா?"
"வெத்தலகூட... போட்டதில்ல... சார்." அதைச் சொல்லி முடிக்க மூன்று மூச்சு.
நுரையீரலில் தழும்பு விழுந்த இடம் இனி பழையபடி ஆகாதாம்.

14-3, சனி
வெயில். வெல்லம் வந்தது, கூடவே கம்பெனித் தாள். 'பீடிப் பழக்கத்தால் வந்த நெஞ்சு நோய்.' ஒப்புக்கொண்டால் கம்பெனி கேட்டில் உட்காரும் வேலை. இவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். சாட்சிக்கு மனைவி கையெழுத்து வேண்டுமாம்.
"நீயும் போட்டுடு. உக்கார நாற்காலி குடுக்கறான் இல்ல."

சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி. அவள் புருஷனுக்கும் அதே வேலை.
"டீச்சரம்மா, வெல்லம் கீதா? எங்கூட்டுக்காரு இருமினே கீறாரு. ரெண்டு பங்கா குடுத்தா தூசு எறங்கிடும்."
"தீர்ந்துபோச்சு."
"டப்பாவ கைல வச்சிகினு இன்னா டீச்சர் பொய்யி!" சிரித்துக்கொண்டே போனாள். உண்மையைச் சொல்ல அப்போதும் வாய் வரவில்லை.

16-3, திங்கள்
வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டுவதற்குள் இவர் இரண்டு தடவை கட்டிலில் உட்கார்ந்தார்.
"போட்டியா?"
"சாயங்காலம்."
அண்ணனூர் ஸ்டேஷனுக்கு நின்று நின்று நடந்தார். முனை திரும்பும்வரை பார்த்தேன்.

தாளும் எக்ஸ்ரேயும் என் பையில். பள்ளிக்கு லீவு லெட்டர், காரணம் தலைவலி. முதலில் கஸ்தூரி வீட்டுக் கதவு. வெல்லம் ஏன் கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு, வராவிட்டால் தனியாக, தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீஸ். நாற்காலி போகும். போகட்டும். கையெழுத்துப் போடமாட்டேன்.