ஒரு விரற்கடை உயரம்

இன்று காலை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டயர் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் காருக்கு நாலு டயரும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் உன்னோடு பேச வேண்டும் என்று இருந்தது. போன வருஷமாக இருந்தால் போனை எடுத்திருப்பேன். நீ போய்விட்டதால் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நாவலூர் ஆபீஸில் நம் இருவருக்கும் அடுத்தடுத்த நாற்காலி. இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்த அந்தக் காலத்தில் எல்லோரும் வேலை கிடைத்ததும் நகை வாங்கினார்கள், நிலம் பார்த்தார்கள். நீ போய் ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாய். பத்து வருஷம் ஓடிய ஜப்பான் வண்டி. இரண்டே கதவு, இரண்டே இருக்கை. உட்கார்ந்தால் முழங்கால் காதுக்கு வரும். “பைத்தியமாடி உனக்கு?” என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. அப்பா போன பிறகு எந்தக் காலேஜ், எந்தக் கோர்ஸ், எந்த போன் என்பது வரைக்கும் அண்ணன் முடிவுதான். “நானா எடுத்த முதல் முடிவுடி இது” என்றாய். அந்த முடிவும் பதிவானது அண்ணன் பேரில்தான். பெண் பேரில் எதற்கு என்று அவரே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

பள்ளிக்கரணையில் உங்கள் தெருமுனையில் ஒரு வேகத்தடை இருந்தது. தெருச் சங்கத் தலைவர் உன் அண்ணன். அவரே பக்கத்தில் நின்று, கொத்தனாரை விரட்டி விரட்டிப் போட வைத்த மேடு அது. ஆட்டோக்காரர்கள் அதைப் பார்த்தாலே முருகனைக் கூப்பிடுவார்கள். உன் வண்டியின் வயிறு அதில் இடித்து ‘டங்’ என்று கேட்கும்போதெல்லாம் தெருவில் யாராவது வெளியே வந்து பார்ப்பார்கள். இரண்டாவது மாதம் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியே விரிசல் விட்டு, உங்கள் வீட்டு கேட் வரைக்கும் கறுப்பாய்க் கோடு போட்டுக்கொண்டு வந்தது. அன்றைக்கு அண்ணன் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

“இன்னாத்துக்கு இந்த பேஜாரு? ஞாயித்துக்கெழம சாயங்காலம் அடையாறுலேந்து ஒருத்தர் வராரு. வண்டிய குடுத்துடப் போறேன்.”

“அதுக்குள்ள இடிக்காம தாண்டிட்டா?” என்று கேட்டாய்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “நான் பக்கத்துல குந்திகினு இருப்பேன். நீ நேரா தாண்டணும். சைடு வாங்கி ஓட்டறதெல்லாம் கூடாது. ஒரு தபா தட்டினாலும் வண்டி போயிடும், அப்பால அழக்கூடாது.”

அவர் உட்கார்ந்தால் புல்லட்டே ஒரு முறை யோசிக்கும். நான் மனசுக்குள் வண்டிக்கு வழியனுப்பு விழா நடத்திவிட்டேன்.

விரிசல் விட்ட தொட்டியை ஒட்ட வைத்தாகிவிட்டது; இனி வண்டியை உயர்த்த வேண்டும். உயரமான ஸ்பிரிங் ஜப்பானிலிருந்து வர மாசக்கணக்கு ஆகும். பெரிய சக்கரம் போடலாம் என்றால் நீ மாட்டேன் என்றுவிட்டாய். அந்த அஞ்சு இதழ்ச் சக்கரத்தைப் பார்த்துத்தானே வண்டியையே எடுத்தாய். கம்பெனி கொடுத்த அதே சக்கரத்தில் பெரிய டயர் போடுவது என்று முடிவானது. தாம்பரம் டயர் கடை பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“ஆவாதுமா. ஒடிச்சித் திருப்பினா உள்ள ஒரசும்.”

“எங்க உரசும் பாய்?”

“எங்கியாவது ஒரசும்.”

“அந்த எங்கியாவது எங்கன்னு நான் பாத்துக்கறேன், நீங்க மாட்டுங்க.”

மாட்டினார். வண்டி சரியாக ஒரு விரற்கடை உயர்ந்தது. நான் விரலை வைத்தே அளந்தேன்.

பாய் சொன்னது பொய்யாகவில்லை. சனிக்கிழமை காலை உங்கள் வாசலில் ஸ்டீயரிங்கை முழுசாக இடது பக்கம் ஒடித்ததும் ‘கர்ர்’ என்றது. இருவரும் தரையில் படுத்து டார்ச் அடித்துத் தேடினோம். டயரும் கறுப்பு, அதற்கு மேலே வளைந்திருந்த பிளாஸ்டிக்கும் கறுப்பு. எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அப்போதுதான் உன் அம்மா தட்டோடு வந்தார். புது டயருக்குப் பூஜை போடாமல் ஓட்டினால் இப்படித்தான் சத்தம் வரும் என்பது அவர் கட்சி. ஆயுத பூஜைக்குப் போடுவதுபோல ஒவ்வொரு டயரிலும் சந்தனம் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமத்தைக் கொட்டினார். பொட்டு என்று அதைச் சொல்ல முடியாது, தோசை அளவு இருந்தது. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது, வளைந்தது, ‘கர்ர்’ என்றது.

நான் குனிந்து பார்த்தேன். உள்ளே, பின்பக்க வளைவில், இரண்டு அங்குல நீளத்துக்குச் சிவப்பாக ஒரு கோடு.

நீ போட்ட கத்தலில் எதிர் வீட்டு நாய் உள்ளே ஓடியது. ஓடிப் போய் உன் ஹேர் டிரையரை எடுத்து வந்தாய். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து டயரை ஒதுக்கிவிட்டு நான் பிளாஸ்டிக்கைச் சூடு காட்ட, நீ பூரிக்கட்டையால் அழுத்தி அழுத்திப் பின்னால் தள்ளினாய். மறுபடி ஓட்டினால் மறுபடி கோடு, கொஞ்சம் சின்னதாக. “அம்மா, இன்னொரு பொட்டு வை!” “எத்தினி தபாடி ஒரே வண்டிக்கு பூஜ போடறது?” என்று திட்டிக்கொண்டே வைத்தார். நாலாவது பூஜைக்குப் பிறகு கோடு இல்லை. அடுத்த பக்கத்துக்கும் அதே வைத்தியம். மத்தியானத்துக்குள் வீட்டில் குங்குமம் காலி.

ஞாயிற்றுக்கிழமை அடையாறுக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நின்றார். தெரு முழுக்க வாசலில் இருந்தது. உன் அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார, வண்டி ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. நீ நேராக வந்தாய். முன் சக்கரம் ஏறியது, இறங்கியது. வயிறு மேட்டின் மேலே வந்தது. தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. பின் சக்கரமும் ஏறி இறங்கியது. சத்தம் இல்லை. ஒன்றுமே இல்லை!

நீ அத்தோடு விட்டாயா? பின்னால் வந்து மறுபடி தாண்டினாய். மூன்றாவது முறை எதிர்ப்பக்கத்திலிருந்து. விசில் பறந்தது. நான் யாரென்றே தெரியாத ஓர் அம்மாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அண்ணன் இறங்கி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து அடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து அடையாறுக்காரரிடம் போனார்.

“மன்னிச்சிக்கங்க சார். வண்டி விக்கறதுக்கு இல்ல. என் தங்கச்சி வண்டி.”

அந்த வார்த்தை வெளியே வந்ததும் நீ ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதாய். அதுவரைக்கும் நீ அழுது நான் பார்த்ததில்லை. மறு மாதமே பதிவு உன் பேருக்கு மாறியது. மாற்றிக்கொண்டு வந்தவரும் அவரேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் என்னை ஏற்றிக்கொண்டு பழைய மகாபலிபுரம் சாலையில் போனாய். மீட்டர் அறுபது காட்டியது. டயர் பெரிசானதால் மீட்டர் குறைத்துத்தான் காட்டும், உண்மையில் அறுபத்து நாலு என்று கணக்குச் சொன்னாய். “சரி பண்ண வேண்டாமா?” என்று கேட்டேன். “எதுக்கு? அவங்க நெனைக்கறதவிட நாம கொஞ்சம் வேகமாதான்டி போய்க்கிட்டிருக்கோம்” என்று சொல்லி ஹாரனை அழுத்தினாய்.

நாளை விடியற்காலை நான் கன்னியாகுமரிக்குக் கிளம்புகிறேன். தனியாக. அதற்குத்தான் இந்தப் புது டயர். “இந்த வயசுல தனியா எதுக்கு? அவ்ளோ தூரம் உன்னால முடியுமா?” என்று வீட்டில் ஆளாளுக்குக் கேட்டாகிவிட்டது. டயர் மாற்றியதும் கடையிலிருந்து அப்படியே ஜி.எஸ்.டி. சாலையில் மறைமலை நகர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். கம்பெனி சொன்ன அளவு டயர்தான், மீட்டரில் ஒரு பிசகும் கிடையாது. அறுபது காட்டியபோது நான் நாலைக் கூட்டிக்கொண்டேன்.