கப்பல் இந்தப் பக்கம், திறப்பு அந்தப் பக்கம்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
18.12.1994

அன்புள்ள மகன் நிமலனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தக் குளிருக்குள் தடிமன், இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அப்பா ஒவ்வொரு வெள்ளியும் காளி கோயிலில் சொல்லிவிட்டு வருகிறார், நான் வீட்டில் இருந்தபடியே நினைத்துக்கொள்கிறேன், எது முந்திப் போய்ச் சேர்ந்தாலும் சரி. உன் கடிதம் போன கிழமை வந்தது. உறையின் ஒரு ஓரம் திறந்து ஒட்டப்பட்டிருந்தது, உன் கையெழுத்தை அதைத் திறந்தவர்கள் வாசித்து விளங்கியிருந்தால் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்தான். இங்கே மாரி மழை விடாமல் பெய்கிறது. குசினிக் கூரை ஒழுகுகிறது, அப்பா தானே ஏறி ஓடு மாற்றுவேன் என்று நின்றார், நான் ஏணியைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டேன். சீனி வருத்தத்துக்குக் குளிசை ஒழுங்காகப் போடுகிறார், ஆனால் வேலை செய்யும் கந்தோரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் லட்டுக்குக் கை நீட்டுகிறார் என்று கேள்வி. நீ அனுப்பிய படத்தில் மெலிந்து தெரிகிறாய். சட்டை பெரிதாக இருப்பதால் அப்படித் தெரிகிறது என்று அப்பா சொல்கிறார், அவர் எதற்கும் ஒரு சமாதானம் வைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு தகரக் காரைக் கண்டாய் என்றும், எல்லாக் கடையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து வாங்கலாம் என்று போய்த் திரும்புவதற்குள் யாரோ வாங்கிவிட்டார் என்றும், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். அப்பா வாசித்துவிட்டு, மீசை முளைச்ச பிள்ளை விளையாட்டுச் சாமானுக்கு அழுகுது, தாயின்ரை வருத்தம் அப்படியே தொத்தியிட்டுது என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கும் போன மாதம் அதேதான் நடந்தது. மெயின் வீதியில் மஹ்ரூப் நானாவின் கடைக் கண்ணாடி அலுமாரியில், மேல்தட்டில் நின்ற தகர இழுவைக் கப்பல் உனக்கு ஞாபகம் இருக்கும். பச்சை உடல், சிவப்புப் புகைபோக்கி, பின்னால் ஒரு சின்ன விசிறி, திறப்பைச் செருகி முறுக்கினால் சுழலும். நானாவின் தகப்பன் கப்பல்களுக்குத் தண்ணீரும் மரக்கறியும் ஏற்றிய காலத்தில் ஒரு யப்பான் கப்பற்காரன் கொடுத்தது. நான் இங்கே மாற்றலாகி வந்த நாளில் இருந்து அதில் எனக்கு ஒரு கண். ஆனால் ஒருநாளும் கேட்டதில்லை. வேண்டிய சாமானை நேராகப் பார்த்தால் விலை ஏறும் என்பது என் கொள்கை. சவர்க்காரம் வாங்குவேன், நூல் வாங்குவேன், போகும்போது ஓரக்கண்ணால் ஒரு பார்வை. என் அலுமாரியில் இருக்கும் தகரத் தவளையையும் மேளக்காரனையும் மற்ற எல்லாவற்றையும் அப்படித்தான் வாங்கினேன், ஒன்றுகூடத் தவறியதில்லை.

உப்புவெளியில் இருக்கும் அன்னலட்சுமியை உனக்குத் தெரியும், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர், முந்தி எங்கள் வீட்டுக்கு வந்து என் அலுமாரிக்கு முன்னால் மணிக்கணக்காக நிற்பாள். அவளும் இப்போது தகர விளையாட்டுச் சாமான் சேர்க்கிறாள். என்னைப் பார்த்துத் தொடங்கியவள் என்பதை அவளும் மறுப்பதில்லை, நானும் அவளை மறக்கவிடுவதில்லை. ஆனால் அவளுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது, கண்டதை வாய்விட்டுக் கேட்பாள், சிரித்துக்கொண்டே கேட்பாள், ஆட்களும் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். எனக்கு அது எரிச்சல். இந்த ஊரில் இப்போது ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போவதென்றால் போகிறவர் சொல்வதில்லை, இருப்பவர் கேட்பதில்லை. நானாவின் கடையில் தட்டுகள் ஒவ்வொன்றாக வெறுமையாவதைக் கண்டபோதே அவர் கொழும்பில் மகள் லைலாவிடம் போகப்போகிறார் என்று விளங்கிவிட்டது. கேட்பது அழகில்லை என்று பேசாமல் இருந்தேன். ஒரு பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தால் மேல்தட்டில் கப்பல் இல்லை, அது நின்ற இடம் மட்டும் தூசி படியாமல் கிடந்தது. நானா என் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்பதான் டீச்சர், உப்புவெளி அன்னலட்சுமி வாங்கிட்டுப் போறா, பஸ் ஸ்டாண்டுக்குக்கூடப் போயிருக்க மாட்டா என்றார். எனக்கு விருப்பமென்று உங்களுக்குத் தெரியாதா நானா என்று கேட்டேன். இத்தனை வருஷம் சவுக்காரம் வாங்கினீங்க, ஒருக்கா வாயத் திறந்து கப்பலக் கேட்டீங்களா, அந்தப் புள்ள வந்தவுடனே கேட்டுச்சு என்றார். அந்தப் பிள்ளைக்கு நாற்பத்தைந்து வயது. நான் வெளியே வந்து, வீட்டுக்குத் திரும்பவேண்டியவள், பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எதற்கு? கூடுதல் விலை கேட்கவா, ஒருதரம் கையில் வாங்கிப் பார்க்கவா, அவள் பையைத் தூக்கிக்கொண்டு போகும் அழகைக் காணவா, தெரியாது. அவள் ஏறிய பஸ்ஸில் நானும் ஏறினேன். அவள் முன்னால் இருந்தாள், என்னைக் காணவில்லை. மடியில் பையை வைத்து அணைத்துக்கொண்டிருந்தாள், பிள்ளையை வைத்திருப்பதுபோல.

உப்புவெளி வீதியில் புதிதாகப் போட்டிருக்கும் ஆமியின் சோதனைச் சென்றியில் வழமைபோல எல்லோரையும் இறக்கி, பைகளோடு வரிசையாக நடக்கவிட்டார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம். கிர்ர் என்று தொடங்கி விடாமல் இரைந்தது. நான் உடனே கண்டுகொண்டேன். திறப்புக் கொடுக்கும் சாமானை முறுக்கேற்றியபடி கொண்டுதிரியக்கூடாது, முழுக்க ஓடவிட்டு வில் தளர்ந்த பிறகுதான் பையில் வைக்கவேண்டும், இது சேர்ப்பவர்களுக்கு அரிச்சுவடி. அன்னலட்சுமி கடையில் ஓடுகிறதா என்று பார்க்க முட்ட முறுக்கி, விசிறியைக் கடதாசியால் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறாள், நடந்த குலுக்கத்தில் கடதாசி விலகிவிட்டது. அவள் பையைத் தெருவிலே போட்டுவிட்டாள். பொம் வைச்சிருக்கு என்று யாரோ கத்த, சனம் முழுக்கத் தெருவோரத் தண்ணிக் கானுக்குள் விழுந்தது. ஆமிக்காரப் பெடியன் ஒருவன் மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்து துவக்கை அந்தப் பைக்கு நேரே பிடித்தான். எனக்கு என்னைப் பற்றிய பயம் அந்த நேரம் வரவில்லை மகன், கப்பலில் ஓட்டை விழப்போகிறது என்றுதான் வந்தது. நடுத்தெருவில் கையை உயர்த்திக்கொண்டு நின்று, வெடி தியன்ன எபா, செல்லம் படுவக் என்று பேராதனையில் படித்த சிங்களத்தில் கத்தினேன், சுடாதீர்கள், அது விளையாட்டுச் சாமான் என்று. சத்தமும் மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றது. அதிகாரி வந்தார். இது யாருடையது என்று கேட்டார். அன்னலட்சுமி எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள், உதடு வெளுத்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு. அவளுடைய தம்பியைத் தொண்ணூறாம் ஆண்டு இப்படி ஒரு வரிசையில் இருந்து கூப்பிட்டுக்கொண்டு போனவர்கள், இன்னும் அனுப்பவில்லை. அன்றையில் இருந்து சென்றியில் அவள் அடையாள அட்டையை நீட்டுவாளே தவிரப் பேச ஏலாது. அவர் இரண்டாந்தரம் கேட்டார். மகே, என்னுடையது என்று நான் சொன்னேன். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், உனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. அந்தச் சொல் என் வாயில் எவ்வளவு லேசாக வந்தது என்பது எனக்குத்தான் தெரியும். அதிகாரி கப்பலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அவருக்கும் பிடித்துவிட்டது. பிறகு என் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு, இதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இனி இந்தப் பக்கமே கொண்டுவரக்கூடாது, கொண்டுவந்தால் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டோம் என்று சொன்னார். அவள் பஸ்ஸில் ஏறி அந்தப் பக்கம் போனாள். நான் கப்பலோடு இந்தப் பக்கம் நடந்து வந்தேன்.

வந்து அலுமாரியில் நடுத்தட்டில் வைத்த பிறகுதான் திறப்பு இல்லை என்று கண்டேன். அது அவளுடைய கைப்பைக்குள் போய்விட்டது. என்னிடம் இருக்கும் எல்லாத் திறப்பையும் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. அடுத்த சனிக்கிழமை அவளே வந்தாள். கழுத்துச் சங்கிலியில் திறப்பைக் கோர்த்திருந்தாள். கப்பலை எடுக்க வரேல்லை புஷ்பமக்கா, அதைக் கொண்டுபோக ஏலாதெண்டு எனக்குத் தெரியும், பாக்கத்தான் வந்தனான் என்றாள். கிணற்றடித் தொட்டியில் விட்டோம். அவள் முறுக்கினாள், அது நேரே ஓடிப்போய் மறுகரையில் முட்டி நின்று இரைந்தது. நான் கேட்டு வாங்கி முறுக்கிவிட்டபோது ஒரு பக்கம் சரிந்து வட்டம் போட்டது. உங்களோடை கோவம்போலை என்று சிரித்தாள். வாங்கிய விலையைவிடக் கூடுதலாகத் தருகிறேன், எனக்கு விட்டுவிடு என்று கடைசியில் நான் வாய்விட்டுக் கேட்டேன், என் வாழ்நாளில் முதல்தரம். விலை கதைக்காதேங்கோ அக்கா, அண்டைக்கு நீங்கள் இல்லாட்டி நான் இப்ப எங்கை இருப்பனோ தெரியாது, என்ன கேட்டாலும் தருவன், ஆனால் கப்பல் என்ரை என்றாள். தேத்தண்ணி குடித்தாள், திறப்பைச் சங்கிலியில் போட்டுக்கொண்டு போனாள். இப்போது சனிக்கிழமை தோறும் வருகிறாள். அப்பாவுக்கு அவளுடைய பகிடிகள் பிடிக்கும், அவள் வரும் நாளில் தின்ன வாய்ப்பன் பலகாரம் வாங்கிவந்து வைக்கிறார், எனக்காக அவர் அப்படி ஒன்றும் வாங்கியதில்லை. கிழமை முழுக்கக் கப்பல் என் வீட்டில்தான் நிற்கிறது, ஆனால் ஓடுவது அவள் வந்தால்தான். சென்ற கிழமை அவள் அடிப்பக்கத்தில் துரு ஏறிய இடத்தை விரலால் தடவிவிட்டு, இதிலை ஒரு பூச்சுப் பூசினால் எவ்வளவு வடிவாயிருக்கும், சல்லிக் கடற்கரையிலை படகுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்ற் ஒரு டின் வீட்டை கிடக்கு என்றாள். பழைய வர்ணத்துக்கு மேல் படகுப் பெயின்ற் அடிக்கும் கைக்கு அந்தக் கப்பல் போயிருக்கிறது. எவ்வளவோ விளங்கப்படுத்தினேன். ஓம் அக்கா, ஓம் அக்கா என்று தலையாட்டினாள், பிள்ளைகள் வகுப்பில் ஆட்டுவதுபோல.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேச்சுவார்த்தை திரும்பவும் தொடங்கப்போகிறது, பொங்கலோடு உப்புவெளி வீதிச் சென்றியை எடுத்துவிடுவார்கள் என்று ஊர் முழுக்கக் கதை. நான் இப்படியான கதைகளை நம்புவதில்லை என்று உனக்குத் தெரியும், ஆனால் இந்தமுறை வீதியில் நிற்கும் பெடியன்களே சொல்கிறார்களாம். அப்பா சந்தோஷத்தில் இருக்கிறார். அன்னலட்சுமி பத்தினிபோலப் பேசாமல் இருக்கிறாள், ஒருநாளும் எப்போது எடுப்பார்கள் என்று கேட்பதில்லை, அதுதான் எனக்குப் பெரிய ஆக்கினை. சென்றி எடுபடவேண்டும் என்று எல்லாரும் நேர்த்தி வைக்கும் ஊரில், இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும் என்று ஒருத்தி நினைக்கிறாள் என்றால் அது உன் அம்மாதான். இதை எழுதவே கை கூசுகிறது, நீ ஒருவரிடமும் சொல்லாதே, அப்பாவுக்கு எழுதும் கடிதத்திலும் தொட்டுவிடாதே. ஆனால் எடுத்த அன்றைக்கே நானே கப்பலைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்துவிடுவேன். மறுநாள் வரை வைத்திருந்தால் பிறகு கொடுக்க எனக்கு மனம் வராது, என்னை எனக்குத் தெரியும். நீயும் அந்தத் தகரக் காரை மறந்துவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத எனக்கு யோக்கியதை இல்லை. வாங்கியவர் யார் என்று அந்தக் கடைக்காரனிடம் விசாரித்து வை.

காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு, வேலை இடத்தில் யாரோடும் வாய்க்கு வாய் நிற்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நெடுங்காலம் நன்றாக இருக்க அம்மாவினதும் அப்பாவினதும் ஆசீர்வாதம் எப்போதும் உன்னோடு. ஒன்றை மறந்துவிடாதே. பழைய தகரத்தின் அடிவர்ணம் கெடாமல், அதற்கு மேல் பூசிய படகுப் பெயின்ற்றை மட்டும் கழுவி எடுக்க அங்கே ஏதும் மருந்து விற்கிறதா என்று கேட்டு, பொங்கலுக்கு முன்னம் எழுது.

அன்புடன் அம்மா,
புஷ்பவதி அருளம்பலம்