கொட்டாவி ஐந்தாவது நடைமேடையிலிருந்து புறப்படும்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நன்றாக இருக்கிறோம். எப்போதும் கை தானாக எழுதிவிடும் வரிதான் இது, ஆனால் இந்தத் தடவை நெஞ்சில் கை வைத்து எழுதுகிறேன், நிஜமாகவே நன்றாக இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று வாரமாகப் போனில் தொண்டை கட்டியிருக்கிறது, லீவில் இருக்கிறேன் என்று சொன்னேன் அல்லவா, தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். பதறாதே, எல்லாம் முடிந்துவிட்டது, நேற்று மறுபடியும் அறிவிப்பு அறையில் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றே சொல்லியிருந்தால் நீ அங்கே எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கிளம்பியிருப்பாய். இப்போதும் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நம் ஸ்டேஷனிலிருந்து பிரியும் மூன்று லைன்களுக்கும் ஊரே வைத்திருக்கும் பெயர்களை நீ மறந்திருக்க மாட்டாய். வடக்கே போவது மாப்பிள்ளை, அந்த வண்டி என்றைக்கும் தாமதம்தான், ஆனாலும் மற்ற வண்டிகளெல்லாம் மரியாதையாக ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். ஆற்றை ஒட்டிப் போவது மாமியார், ஒரு ஸ்டேஷன் விடாமல் நின்று விசாரித்துவிட்டுத்தான் நகரும். மூன்றாவது கொட்டாவி. அதற்குப் பெயர் வைத்தது யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வந்து என் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய், அந்த லைனின் இருபத்திரண்டு ஸ்டேஷன்களையும் நான் வாசித்து முடிப்பதற்குள் வாயை ஆவென்று பிளப்பாய். ஒருநாள் நான் மைக்கை அணைக்குமுன், அம்மா கொட்டாவி வண்டி போயிடுச்சா என்று நீ கேட்டது ஸ்டேஷன் முழுக்கக் கேட்டுவிட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் இன்றுவரை போகவில்லை.

போன மாதம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது, இனிமேல் லைன்களுக்கு எண் மட்டும்தான். கொட்டாவிக்கு நான்கு பி. நானும் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு காலை, கொட்டாவி வழக்கமாகப் புறப்படும் இரண்டாவது நடைமேடையில் சரக்கு வண்டி ஒன்று பழுதாகி நின்றுவிட்டது, கொட்டாவியை ஐந்தாவதுக்கு மாற்றிவிட்டார்கள், கிளம்ப மூன்றே நிமிஷம். நான்கு பி ஐந்தாவது நடைமேடையிலிருந்து புறப்படும் என்று மூன்று தடவை சொன்னேன். கண்ணாடி வழியே பார்க்கிறேன், ஒரு ஆள் அசையவில்லை. யார் வீட்டுச் செய்தியோ என்கிற மாதிரி நிற்கிறார்கள். அதை விட்டால் மத்தியானம் வரைக்கும் வேறு வண்டி கிடையாது. என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லையடி, அட நம்ம கொட்டாவிங்க, அஞ்சாவதுக்கு ஓடுங்க, ஓடுங்க என்று கத்திவிட்டேன். மொத்தக் கூட்டமும் மூட்டை முடிச்சோடு பாலத்தில் ஏறி ஓடியது. ஒருத்தரும் விடுபடவில்லை. எனக்கோ அப்புறம்தான் ஞாபகம் வந்தது, புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி அன்று ஸ்டேஷனில் இருந்தார். பொது ஒலிபெருக்கியில் ரயில்வேயைக் கேலி செய்தேன் என்று அன்றைக்கே புகார் போய்விட்டது.

ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது இப்படி. முப்பத்தொரு வருஷம் பேசின வாய்க்குக் கடைசியில் அவமானம்தான் மிச்சமா என்று தூக்கமே இல்லை. உன் அப்பா தையல் மெஷினில் உட்கார்ந்து எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே ஒரே பேன்ட்டுக்கு மூன்று பாக்கெட்டைத் தப்பான பக்கத்தில் தைத்துப் பிரித்தார், வாடிக்கைக்காரர் வந்து நின்றால், அவர் வாயைத் திறக்குமுன் இவரே மன்னிப்புக் கேட்பார்.

முந்தாநாள் விசாரணை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர், பக்கத்து நாற்காலியில் புகார் கொடுத்த அந்த அதிகாரி. இந்தப் பெயரை யார் வைத்தது என்று கேட்டார்கள். அறிவிப்பு அறையில் குழந்தையை வைத்திருந்தது தெரிந்தால் அது இன்னொரு குற்றம், அதைவிட, உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, ரொம்ப நாளா இருக்கிற பேருங்க என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போது சாட்சிக்கு வந்தார் கொட்டாவி வண்டியின் கார்டு, உனக்குப் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொள்ளக் கொடுப்பாரே, அவரேதான். அன்னிக்கு ஒரு ஆள் கூட விடுபடலைங்க, கடைசியா ஓடி வந்து என் பெட்டியில ஏறினது இந்த சார்தான், அந்தப் புகாரைக் கூட என் பேனாவை வாங்கித்தான் எழுதினாரு என்றார். மூன்று பேரில் நடுவில் இருந்த பெரியவர் அந்த அதிகாரியைப் பார்த்து, இந்தம்மா நான்கு பி-ன்னு மூணு தரம் சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க என்று கேட்டார். அவர், இரண்டாவது நடைமேடையில என்றார். பெரியவர் ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. ஒலிபெருக்கியில் அங்கீகரித்த பெயரைத் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாது என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். போன உயிர் திரும்பி வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சொன்னேன், மனுஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் விடவே இல்லை.

நேற்றுக் காலை சட்டப்படி நான்கு பி என்றுதான் ஆரம்பித்தேன். பத்தாவது ஸ்டேஷன் பெயரை வாசிக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போர்ட்டர் என்னைப் பார்த்து வாயை அகலமாகத் திறந்தார். அடுத்தது பேப்பர் விற்பவர். அப்புறம் பெஞ்சில் இருந்தவர்கள், ஆபீஸ் போகிறவர்கள், கடைசியில் கொடியைக் கையில் வைத்துக்கொண்டு கார்டு. நடைமேடை மொத்தமும் சத்தமாகக் கொட்டாவி விடுகிறது. நீ ஆறு வயதில் வைத்த பெயரை அத்தனை பேரும் எனக்குச் சொல்லிக்காட்டுகிறார்கள் என்று புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. இருபத்திரண்டாவது பெயரில் எனக்கும் வந்துவிட்டது, மைக்கிலேயே, நீளமாக. கொட்டாவி என்று சொல்லக் கூடாது என்றுதான் கடிதத்தில் இருக்கிறது, விடக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

அப்பா உனக்கு ஒரு கோட்டு தைக்கத் துணி வெட்டாமல் வைத்திருக்கிறார், போனில் தெரியும் முகத்தை வைத்து இடுப்பளவு கண்டுபிடிக்க முடியாது என்கிறார், அளவு எழுதி அனுப்பு. தண்டவாளம் கடக்கும்போது போனைப் பார்க்காதே. நீ நீண்ட ஆயுளோடும் நிம்மதியான தூக்கத்தோடும் இருக்க எங்கள் ஆசிகள். இன்னும் எட்டு மாதம்தான் நான் அந்த நாற்காலியில் இருப்பேன், அதற்குள் ஒரு தடவை வந்துவிடு, மேஜைக்குக் கீழே நீ இனி கொள்ள மாட்டாய், பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
தொண்டைக்கு ஒன்றும் ஆகாத
உன் அம்மா