ஒற்றை டிக்கும் வெள்ளைப் பூவும்

சிலமலை,
திங்கட்கிழமை.

அன்பு மகள் கார்த்திகாவுக்கு அம்மா அன்னக்கொடி எழுதுவது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. எனக்கு மனசுதான் கொதித்துக்கொண்டு கிடக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்கிறாயா என்று முதலில் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். இனி திட்டப் போகிறேன். உன்னை இல்லை.

இந்தக் கடிதத்தை உன்னோடு படிக்கிற ரோஜா கையில் கொடுத்து அனுப்புகிறேன். லீவு முடிந்து அவள் நாளை கிளம்புகிறாள். வியாழக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்றாள். போடியில் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே விளங்கியது. அதுவரை, சீனாவுக்கு டாக்டர் படிப்புப் படிக்கப் போன என் மகள் எங்களை மறந்து வாட்ஸ்அப்பையே எடுத்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன். ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே பேசி அனுப்பியது, நம் மாடு கன்று போட்ட படம், நீ ஏன் பேசவில்லை என்று அழுது அனுப்பியது, எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக்.

அந்த ஊரில் வாட்ஸ்அப்பே கிடையாதாம். இத்தனை நாள் நாம் பேசியது வி.பி.என். என்று ஏதோ ஒரு குறுக்கு வழியிலாம். அதைப் போனில் வைத்திருந்தால் விசாவுக்கே ஆபத்து என்று காலேஜில் கூப்பிட்டு மிரட்டியதால் நீ பயந்து அழித்துவிட்டாயாம். சரி, அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொள்கிற ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடு என்று ரோஜாவிடம் கேட்டேன். சிரிக்கிறாள். அதை நம் அரசாங்கம் இங்கே தடை செய்துவிட்டதாம். ஊருக்கு வந்ததிலிருந்து அவளாலேயே உன்னோடு பேச முடியவில்லையாம், அவள் போனிலிருந்து வெளிநாட்டுக்கு அடிக்கவும் வழியில்லையாம். அவர்கள் இதை அடைப்பார்களாம், இவர்கள் அதை அடைப்பார்களாம். அவர்களுக்குள் ஆயிரம் சண்டை இருக்கட்டும். என் பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்று நான் கேட்பதில் எந்த நாட்டுக்கு என்ன கெட்டுப் போகிறது?

அவர்களாவது எங்கேயோ இருப்பவர்கள். உன் அப்பாவை என்ன செய்வது? சிம்மை மாற்றியதும் நீ காசு போட்டு நேரடியாகவே கூப்பிட்டாயாமே. அவர் அப்போது மலைமேல் தோட்டத்தில் இருந்திருக்கிறார். தெரியாத வெளிநாட்டு நம்பரைப் பார்த்ததும் மோசடிக்காரன் என்று கட் பண்ணியிருக்கிறார். ஜீப்பை விட்டு இறங்கும்போதே, "எவனோ ஏமாத்தப் பாத்தான் அன்னம், வெரசா பிளாக்கு பண்ணிட்டேன்ல" என்று பெருமை வேறு. முன்ஜாக்கிரதையாக என் போனையும் வாங்கி அதிலும் அடைத்து வைத்தார். ரோஜா கொடுத்த உன் நம்பரும் அதுவும் ஒன்று என்று தெரிந்தபோது வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அடித்தது என் போன். அவருடையதை அடித்திருக்க வேண்டும். அது இப்போது அவர் சட்டைப் பையை விட்டு இறங்குவதே இல்லை. அதனால்தான் கடிதம்.

இப்போது முக்கியமான விஷயம். நான் ரோஜாவைப் பார்ப்பதற்கு முன்பே ராசிங்காபுரத்திலிருந்து உன் மாமா கண்ணுச்சாமி, என் கூடப்பிறந்த அண்ணன்தான், தன் மகன் லிங்கேஸ்வரனுக்கு உன்னைக் கேட்டு வந்தார். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று உன் அப்பா வாட்ஸ்அப்பில் எழுதினார். ஒற்றை டிக். நாலைந்து நாள் பார்த்தார்கள். "வேண்டாம்னா பிள்ளை அன்னைக்கே சொல்லியிருக்கும்ல மாப்ளே, வெக்கப்படுது" என்றார் அண்ணன். ஒற்றை டிக் என்றால் உனக்குப் போய்ச் சேரவே இல்லை என்று நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். யார் காதில் விழுந்தது?

கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? உன்னிடம் கேட்க வழியில்லை, அதனால் சாமியிடம் கேட்டுவிடலாம் என்று குலசாமி கோயிலில் போய்ப் பூக்கட்டிப் பார்த்தார்கள். வெள்ளைப் பூ வந்தால் செய்யலாம், சிவப்புப் பூ வந்தால் விட்டுவிடலாம். பூசாரி இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் போட்டுக்கொள்ளவில்லை. கிணறு எங்கே வெட்டலாம், தோட்டம் வாங்கலாமா என்று கேளுங்கள், சாமி சொல்லட்டும். போன் போகவில்லை என்பதற்காக என் மகள் சொல்ல வேண்டிய பதிலைச் சாமியிடம் கேட்கிற கூத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. உன் மனசில் இருப்பதைச் சொல்ல அந்த அம்மன் என்ன உன் ஹாஸ்டலிலா இருக்கிறாள்?

வருகிற வெள்ளிக்கிழமை பரிசம் போட வருகிறார்கள். நீ லீவுக்கு வந்ததும் கல்யாணமாம். மிச்சப் படிப்பைப் பிறகு முடித்துக்கொள்ளலாமாம். என் அண்ணனுடைய ‘பிறகு’ எனக்குத் தெரியும். உன் பாஸ்போர்ட் ஒரு தடவை அந்த வீட்டுப் பீரோவுக்குள் போய்விட்டால் சாவி யார் இடுப்பில் இருக்கும் என்பதும் தெரியும்.

பிள்ளை வாயால் ஒரு வார்த்தை வராமல் இந்த வீட்டில் தட்டு மாற்ற விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் முகம் சுண்டிவிட்டது. மதனி, "எங்க வீடு ஒனக்கு அம்புட்டு எளப்பமாப் போச்சா அன்னம்?" என்று கேட்டுவிட்டுக் காபியைக் குடிக்காமல் எழுந்து போனாள். உன் அப்பா என்னோடு பேசவில்லை. நானும் சோறாக்கவில்லை. கடைப் பரோட்டாவைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்ட பிறகுதான் வழிக்கு வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் கூடியிருக்கும்போது உன் நம்பருக்கு அடித்துக் கேட்பதாக முடிவு. ஸ்பீக்கரில் போடுவாராம். பந்தியில் பரிமாறுகிற மாதிரி எல்லாருக்கும் பொதுவாக. அதற்கு முன்னால் உன்னோடு தனியாகப் பேச என்னை விடமாட்டார். நான் உன் மனசைக் கலைத்துவிடுவேனாம்.

நான் எதையும் கலைக்கவில்லை. லிங்கேஸ்வரன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. குரங்கணிக்கு ஜீப் ஓட்டிக்கொண்டு, தோட்டச் சோலியையும் பார்த்துக்கொண்டு ஒழுங்காக இருக்கிற பையன். உனக்குப் பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று சொல். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல். படிப்பு முடியட்டும் என்று தோன்றினால் அதைச் சொல். என்னைக் கேட்டால் படிப்பு முடியட்டும் என்பேன். என்னை யாரும் கேட்கவில்லை. எதைச் சொன்னாலும் சத்தமாகச் சொல். லைன் சரியில்லை, பிள்ளை சொன்னது கேட்கவில்லை என்று ஒருத்தரும் சாக்குச் சொல்லக் கூடாது.

"உங்க இஷ்டம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதே. நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு அதைத்தான் பழக்கி வைத்திருக்கிறார்கள். சொன்னதும் எல்லாருக்கும் முகம் மலரும், தங்கமான பிள்ளை என்பார்கள். அதற்குப் பிறகு நீ எதைக் கேட்டாலும், அன்றைக்கு நீதானே சொன்னாய் என்பார்கள். ராசிங்காபுரத்து வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்று அதைச் சொன்ன ஒருத்தியை எனக்குத் தெரியும். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க் வாங்கியவள்.

போன் அடிக்கும்போது உன் அப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். வாயைத் திறக்கமாட்டேன். நீ முதலில் பேசிவிடு ஆத்தா, அதற்கப்புறம் நான் பேசிக்கொள்கிறேன்.

நீண்ட ஆயுளோடும் உரத்த குரலோடும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
அன்னக்கொடி