ஸக்கியாவின் கையெழுத்தில் என் கடிதங்கள்

கற்பிட்டி,
08.06.2025, ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் மெற்றில்டாவுக்கு,

புனித அன்னம்மாளின் தயவால் நான் சுகமாக இருக்கிறேன், நீயும் மருமகனும் என் பேரன் மத்தேயோவும் மிலானில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் செபிக்கிறேன், உனக்கு இப்போது செபத்தில் நம்பிக்கை குறைந்துவிட்டாலும் அதற்காக நான் உன்னிடம் அனுமதி கேட்கப்போவதில்லை. இங்கே சோளகக் காற்று எழும்பிவிட்டது, வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடக்கின்றன, எத்தனை தரம் கூட்டினாலும் வீட்டுக்குள் மணல்தான். என் முழங்கால் மழைக்கு நோகிறது வெயிலுக்கும் நோகிறது, அதை விடு. பக்கத்து வீட்டில் உன் பிலோ மாமிக்கு ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, ஒப்பரேசன் செய்யச் சொன்னால் பார்த்தது போதும் என்கிறாள், ஆனால் யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அவள் இந்த வெயிலிலும் பூசைக்குப் போட்டுக்கொண்டு போகிறாள், வியர்த்து வடிந்தாலும் கழற்றமாட்டாள், இத்தாலிச் சட்டை என்று நாலு பேர் பார்க்க வேண்டுமாம்.

நீ அழைப்பு எடுத்து மூன்று கிழமை ஆகிறது. நானும் எடுக்கவில்லை. எடுத்தால் நான் சத்தம் போடுவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், எழுத்தில் என்னை யாரும் இடையில் மறிக்க முடியாது. அன்றைக்கு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. மத்தேயோவை முதல் நற்கருணை எடுக்கிற புதுநன்மை வகுப்புக்கு அனுப்பமாட்டேன் என்றாய், ஏன் என்று கேட்டதற்கு, “அது மனுசர் எழுதின புத்தகம் அம்மா, நாலு பேர் நாலு மாதிரி எழுதியிருக்கிறாங்க, அதக் கடவுள்ட சொல் எண்டு புள்ளைக்கு எப்பிடிச் சொல்லிக் குடுக்கிறது, அது பொய்தானே” என்றாய். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். அதற்குப் பிறகு, “நீங்க பள்ளிக்கூடம் போகாதபடியாத்தான் அப்பிடியே நம்புறீங்க” என்று ஒன்று சொன்னாயே, அது இன்னும் இங்கேதான் நிற்கிறது, நெஞ்சில் மீன் முள்ளு மாதிரி. அந்தக் கோபத்தில்தான், அப்படியென்றால் ஆகஸ்ட்டில் தலவில அன்னம்மாள் திருநாளுக்கு நீங்கள் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன். மாமி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாம் கேட்டுவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் கடவுளுக்காகச் சண்டை பிடிக்கிறீங்களா, ஆருக்கு வாய் பெரிசு எண்டு பார்க்கப் பிடிக்கிறீங்களா” என்று கேட்டாள்.

நான் பள்ளிக்கூடம் போகாதது உண்மை. காற்று மாறினால் என் அப்பா எங்களையும் சட்டி பானையையும் ஏற்றிக்கொண்டு மறுகரை மீன் வாடிக்குப் போய்விடுவார், ஆறு மாதம் இங்கே ஆறு மாதம் அங்கே, எந்த வாத்தியாரும் என் பெயரை ஒரு முழு வருடம் இடாப்பில் வைத்திருக்கவில்லை. ஆனால் முப்பத்தொன்பதாவது வயதில் நீ கழித்துப்போட்ட முதலாம் வகுப்புப் புத்தகத்தை ஒரு பக்கமும் வேதப்புத்தகத்தை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, ஒருவரும் சொல்லித்தராமல் படித்தேன். இன்றைக்கு வரை நாலு தரம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்துவிட்டேன், இன்னார் இன்னாரைப் பெற்றார் என்று வருகிற நீளமான பட்டியல்களைக்கூட விடவில்லை. நீ எத்தனை தரம் வாசித்தாய் என்று நான் கேட்கமாட்டேன், நீ என் மகள், உன்னை வெட்கப்படுத்த எனக்கு விருப்பமில்லை. இன்றைக்குப் பெந்தகோஸ்தே. எங்கள் கோவிலில் இனிமேல் பயிற்சி எடுத்தவர்கள்தான் வாசகம் வாசிக்கலாமாம், பதினேழு வருடம் வாசித்த என் பெயரை வெட்டிவிட்டார்கள். இன்று வாசித்த பிள்ளை வாசகத்தில் வருகிற ஊர்ப் பெயர்களில் மூன்றை விழுங்கிவிட்டாள். பூசை முடிந்து பங்குச் சுவாமியிடம் போய்ச் சொன்னேன், அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அது மனிதர் எழுதியது என்பது எனக்குத் தெரியாது என்றா நினைத்தாய்? அதில் ஒருவர் கடற்கரை ஆள் போலக் கதைக்கிறார், ஒருவர் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர் போல எழுதுகிறார், இன்னொருவர் சிறையில் இருந்துகொண்டு, வரும்போது என் மேலங்கியை மறக்காமல் கொண்டுவா என்று எழுதுகிறார், கடவுளுக்கா குளிரும்? அந்த இடத்தை முதல் தரம் வாசித்த அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன், அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் எனக்கு நம்பிக்கை கூடியதே தவிரக் குறையவில்லை, பொய் எழுதுகிறவன் மேலங்கியை எழுதமாட்டான். நாலு பேர் நாலு மாதிரி என்றாய். ஆண்டவருடைய கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர் என்பதில்கூட அவர்கள் ஒத்துப்போகவில்லைதான். உன் அப்பாவின் வள்ளம் கவிழ்ந்த அன்று நாலு பேர் ஓடிவந்து என்னிடம் சொன்னார்கள், ஒருவன் விடிய முன் என்றான், ஒருவன் விடிந்து என்றான், ஒருவன் வள்ளத்தில் மூன்று பேர் இருந்தார்கள் என்றான், மற்றவன் நாலு என்றான். கணக்குப் பிழைக்கிறது, அதனால் வள்ளம் கவிழவில்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. சொல்ல முடியவில்லை, மகள். நடந்தது நடந்துதான் இருந்தது.

பழைய ஆகமத்தில் சின்னப் பிள்ளைகளைக்கூட விடாமல் வெட்டியதாக வருகிற இடங்களைப் பற்றியும் நீ கேட்டாய். நாலு தரமும் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன், ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன். கிழிக்கவில்லை, விளங்கின மாதிரி நடிக்கவும் இல்லை.

இனி எழுதப்போவதைக் கதிரையில் ஆறுதலாக இருந்து வாசி. உனக்கு ஏழு வயதாக இருந்தபோது நான் குவைத்துக்குப் போனேன், ஐந்து வருடம். அந்த ஐந்து வருடமும் மாதம் தவறாமல் உனக்கு வந்த கடிதங்களை எழுதியது ஸக்கியா என்று உனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு மற்ற முஸ்லிம் சனங்களோடு மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துவிட்டு, அங்கிருந்து குவைத்துக்கு வந்த பிள்ளை. ஒரே வீட்டில் அவள் குழந்தைகளைப் பார்த்தாள், நான் சமைத்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்காரர் வெளியே போனதும் குசினி மேசையில் கொப்பித்தாளை விரித்துக்கொண்டு, “சொல்லுங்கக்கா” என்பாள். நான் சொன்னபடியே எழுதினாள் என்று நினைக்காதே. நான் அரை மணித்தியாலம் அழுது சொன்னதை இரண்டு வரியில் முடித்துவிடுவாள், நான் ஒரு சொல்லில் சொன்னதை நாலு வரியாக அலங்கரிப்பாள். அப்பாவுக்கு என்று நான் சொல்ல, கைப்பழக்கத்தில் வாப்பாவுக்கு என்று எழுதிவிட்டு வெட்டுவாள், அதைப் பார்த்து, அப்போது உயிரோடிருந்த உன் அப்பா, “உங்கம்மா குவைத்தில வேதம் மாறிட்டா போல” என்று சிரித்ததாக நீயே பதில் எழுதியிருந்தாய். இருந்தும் ஒரு நாளாவது இது அம்மாவின் கடிதம் இல்லை என்று சொன்னாயா? தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தாய் என்று மாமி சொன்னாள். எழுத்து அவளுடையது, பேனை அவளுடையது, வெட்டிய வாப்பாவும் அவளுடையது, கடிதம் என்னுடையது.

இதோடு நிறுத்தினால் வழக்கில் நான் வென்றுவிடுவேன். ஆனால் நீ கெட்டிக்காரி, நீங்கள் பக்கத்தில் இருந்து சொன்னீர்கள், கடவுள் யாருக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார் என்று கேட்பாய். அதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில்தான் உண்டு, அதை இருபத்தொன்பது வருடமாக உனக்கு ஒளித்து வைத்திருக்கிறேன்.

நீ பெரியபிள்ளையானபோது வந்த கடிதத்தை மிலானுக்குப் போகும்போதும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோனாய். அதில், நானும் வாடியில் பெரியபிள்ளையான அன்று அம்மா மீன் விற்கப் போயிருந்தாள், சிப்பி வெட்டிவிட்டது என்று நினைத்து, காயத்தைத் தேடித் தேடி, பொழுதுபடும் வரை கடல் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தேன், உன் உடம்பில் காயம் எதுவும் இல்லை, என்மேல் கோபம் வந்தால் கோபப்படு, ஆனால் பயப்படாதே என்று இருக்கும். நான் உன்னை விட்டுப் போனதை அந்த ஒரு கடிதத்துக்காக மன்னித்துவிட்டதாக உன் கல்யாணத்துக்கு முதல்நாள் சொன்னாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லும் நான் சொன்னது இல்லை, மகள். நான் அப்போது நெருப்புக் காய்ச்சலில் ஆசுபத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேன், இருபத்துநாலு நாள். மாமி எழுதிய கடிதம் வந்ததும் ஸக்கியா வழக்கம்போல எனக்கு வாசித்துக்காட்டத்தான் உடைத்திருக்கிறாள், பிள்ளை பதிலுக்குக் காத்திருக்குமே என்று அன்றைக்கே என் பெயரில் எழுதிப் போட்டுவிட்டாள்.

திரும்பி வந்து கேள்விப்பட்டதும் இரண்டு கிழமை அவளோடு கதைக்கவில்லை. என் பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல நீ யார் என்று கேட்டேன். பிறகு ஒரு நாள், என்னதான் எழுதினாய் என்று கேட்டேன், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். சிப்பிக் கதை எப்போதோ வெங்காயம் உரிக்கும்போது நான் அவளுக்குச் சொன்னது. கேட்டுக்கொண்டே இருந்தேன், தூக்கி எறிய அதில் ஒரு சொல் இல்லை. நானாகச் சொல்லியிருந்தால் என்மேல் கோபப்படாதே என்று கெஞ்சியிருப்பேன், அவள் கோபப்படு என்று எழுதியிருந்தாள், நான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது அதுதான், எனக்குத்தான் அது வரவில்லை. அன்றைக்கு அவளிடம், ஓம், அது என்னுடையதுதான் என்றேன். ஊருக்குப் போனதும் எழுத்துப் படிக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் அன்றைக்குத்தான்.

நேற்று ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வழக்கம்போலத் தில்லையடிக்கு அவள் வீட்டுக்குப் போனேன், ஒரு சட்டி நிறைய வட்டிலப்பம் தந்துவிட்டாள். இதை உனக்கு எழுதப்போகிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது. “ஏனக்கா இப்பத் தோண்டுறீங்க, அந்தப் புள்ள அத உம்மாட கடிதம் எண்டு நம்பித்தானே வளந்திச்சு” என்றாள். அதற்காகத்தான் என்று உன் கேள்வியைச் சொன்னேன். அவளுடைய வேதத்தில் ஒரு எழுத்தும் மனிதர் சேர்த்தது இல்லை, எங்களுடையதில் மனிதர் கை பட்டுவிட்டது என்பது அவளுடைய பழைய வழக்கு, முப்பது வருடமாக அதற்காகச் சண்டை பிடிக்கிறோம், நேற்றும் பிடித்தோம். “என்னமோ செய்யுங்க, என்ன மட்டும் அந்த நாலு பேரோட அஞ்சாவதாச் சேர்த்துராதீங்க” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அப்பக் கலியாணம் முடிக்காத குமரு நான், எனக்கு என்னக்கா தெரியும், ஒவ்வொரு வரிக்கும் பேனைய வெச்சிட்டு இதுக்கு அக்கா என்ன சொல்லுவா எண்டு நினைச்சி நினைச்சித்தான் எழுதின, நான் சொல்ல நினைச்ச எத்தனையோ அதில இல்ல” என்றாள். பள்ளிக்கூடம் போகாத எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. உனக்குத் தேவையென்றால் தேடு, ஆனால் மனிதக் கை பட்டதால் மட்டும் ஒரு சொல் பொய்யாகிவிடும் என்று இனி என்னிடம் சொல்லாதே.

அப்படியானால் இவ்வளவு காலமும் என்னை ஏமாற்றினீர்கள் என்று நீ சொல்லலாம். சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, நேரில் வந்து சொல். அந்தக் கடிதத்தை நீ வெறுத்துவிடுவாயோ என்ற பயத்தில் இந்த ஒரு தாளை மூன்று தரம் கிழித்து எழுதினேன். மத்தேயோவின் புதுநன்மை விசயத்தில் என் மனம் மாறவில்லை, மாறவும் மாறாது, நாலு பேரில் ஒருவருடைய பெயரைப் பிள்ளைக்கு வைத்தவள் நீதான், நான் அல்ல. ஆனால் வர வேண்டாம் என்று சொன்னேனே, அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது, இருந்தும் அது என்னுடையது அல்ல, அதை நான் ஏற்கவில்லை. புதுநன்மை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, நண்டுக் கறி வைத்துத் தருகிறேன், அவனுக்கு உறைக்காமல்.

மழையில் நனையாதே, வேலை என்று சாப்பாட்டை விடாதே, மருமகனுக்கு என் அன்பைச் சொல். உனக்கு நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்னம்மாளும் அவளுடைய பேரனான ஆண்டவரும் உங்கள் மூவரையும் காக்கட்டும். வரும்போது அந்தப் பிளாஸ்டிக் உறையை மறக்காமல் கொண்டுவா. இப்போதே திறந்து பார்த்தால் உனக்குத் தெரியும், மற்ற எல்லாக் கடிதங்களிலும் அடியில் ஒரு சின்னச் சிலுவை இருக்கும், கையெழுத்துப் போடத் தெரியாததால் ஸக்கியாவின் பேனையை வாங்கி நானே கீறியது. அந்த ஒன்றில் மட்டும் இருக்காது. எல்லாவற்றையும் என் பெயரில் எழுதியவள் அதை மட்டும் போடவில்லை, “அது உங்கட கையக்கா, அதக் களவா வெக்க எனக்கு ஏலாது” என்றாள். கொண்டுவா, சிலுவையை நான் போட்டுத் தருகிறேன்.

உன்னைப் பெற்ற அம்மா,
லூர்தம்மா
†